சுவரின் உச்சியில் ஏழு சட்டங்கள்

காவல் நிலையத்தில் என் பெயரையும் தகப்பனார் பெயரையும் வாக்குமூலத் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார்கள். வேலை நடக்கும் இடங்களில் தூக்குக்குண்டு என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று மூன்று முறை பார்ப்பவன் என்பதால் வந்த பெயர். இன்றைக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வயது நாற்பத்தாறு. மரக்கடை மாடியில் மனைவியோடு குடியிருக்கிறேன். அலுவலகங்களில் தடுப்புச் சுவர் அமைப்பது தொழில்.

சம்பவம் நடந்த காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு அடி நீள ஜிப்சம் பலகைச் சுவரை நான்தான் அமைத்தேன். அது மேல்தளம் வரை போகாது, ஃபால்ஸ் சீலிங்குக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். ஆகவே அதன் தலையிலிருந்து கான்கிரீட் தளத்துக்குச் சாய்வாகத் தகட்டுச் சட்டங்கள் கொடுத்து, சுவர் ஆடாமல் முடுக்க வேண்டும். கட்டட விதிப்படி போட்ட வரைபடத்தில் நான்கடிக்கு ஒன்று, மொத்தம் ஏழு. ஏழையும் பொருத்தினேன், கட்டட அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்திட்டார். அதன் பின், மறுநாள், ஏசி குழாய் இழுக்க வந்த என் மனைவியின் தம்பி, "மாமா, சட்டம் வழில நிக்குது, கழட்டிக் குடுங்க, குழா ஏறினதும் மாட்டிக்கலாம்" என்றான். மச்சான் பேச்சைத் தட்ட மனமில்லாமல் ஏழையும் நானே கழற்றினேன். அவன் பேரில் குற்றமில்லை. அதன் பின் எனக்கு வேறிடத்தில் அவசர வேலை வந்தது, சீலிங்கை அடைத்துவிட்டார்கள், எனக்கு அடியோடு மறந்துபோனது.

சென்ற புதன்கிழமை வீட்டைப் பெருக்கிய என் மனைவி, என் சாமான்களோடு வந்து கதவுக்குப் பின்னால் கிடந்த தகட்டுச் சட்டக் கட்டைக் காட்டி, "இது எந்த எடத்து மிச்சம்? ஏழு கெடக்கு" என்று கேட்டாள். கழற்றியதைத் திரும்ப மாட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் பின் வாடிக்கையாளர் போல அந்த அலுவலகத்துக்குப் போனேன். சுவர் நெடுக அலமாரி அடித்துக் கோப்புகளைத் திணித்திருந்தார்கள். அதன் கீழே நிறைமாதமான ஒரு பெண், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பின் அந்த வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரரிடம் போனில் சொன்னேன். "சான்று வாங்கியாச்சு, சுவரு நிக்குதுல்ல? இனிமே சீலிங்கப் பிரிச்சா என் பேரு நாறிடும்" என்று போனை வைத்துவிட்டார். வேலையின்போது கொடுத்த பின்கதவுச் சாவி என்னிடமே இருந்தது. கேட்காமல் உள்ளே போனது தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏணி போட்டு, சீலிங் பலகையை விலக்கி, ஐந்து சட்டங்களோடு மேலே ஏறி இரும்பு உத்திரத்தில் உட்கார்ந்து, குழாய் ஓடாத பக்கமாக மூன்றைப் பொருத்தினேன். டிரில் சத்தம் கேட்டு வந்த காவலாளி, நான் சொல்வதைக் காதில் வாங்காமல் ஏணியை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். இறங்க வழியில்லை, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, அதன் பின் மேலும் இரண்டைப் பொருத்தினேன்.

பிறகு உதவி ஆய்வாளரும் அலுவலக மேலாளர் அம்மாவும் வந்தார்கள். "திருட வந்தவன் உள்ள வேலை பாத்துக்கிட்டு இருந்து நான் பாத்ததில்ல" என்றார் ஆய்வாளர். சுவரைத் தள்ளிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். முடித்த பக்கத்தில் அவர் தோள் கொடுத்தும் அசையவில்லை. முடிக்காத பக்கத்தில் உள்ளங்கையை வைத்ததும் அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுத்தன. மேலாளர் அம்மா கீழே இருந்த அந்த நிறைமாதப் பெண்ணின் நாற்காலியையே பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒம்போது மணிக்கு அவ வந்துருவா" என்றார்.

என்னை இறக்கி நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள்; மீதி இரண்டு சட்டங்களும் ஏணியும் தொண்டிப் பொருளாகக் கைப்பற்றப்பட்டன. என் மேல் வழக்குப் போடுவதானால் போடட்டும், அந்த இரண்டையும் இன்றைக்கே பொருத்த விடுங்கள் என்று கேட்டேன். மேலாளர் அம்மா சம்மதம் எழுதிக் கொடுத்தார். ஆய்வாளர் அந்த அலுவலகத்துக்கே திரும்பப் போக ஏணியை ஜீப்பில் கட்டச் சொன்னார். போகும் முன், தொண்டிப் பட்டியலில் இரண்டு சட்டங்களுக்கும் நேரே 'இருக்குமிடம்' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று நிலைய எழுத்தர் கேட்டார். ஆய்வாளர் சொல்லச் சொல்ல, "மேற்படி சுவரின் உச்சி" என்று எழுதினார்.

இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னதே. படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டலும் குறைத்தலும் இல்லை. ஓரத்தில் உள்ள வெள்ளைக் கறை என் கையிலிருந்த ஜிப்சம் தூள், திருத்தம் அல்ல.

(ஒப்பம்)