ஏறாத பென்ட்ரைவ்

பென்ட்ரைவைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கக் கூடாது, ஐயா. விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸ் பொறுக்காது. அடுத்த முறை செருகும்போது, 'சுத்தமாகக் கழற்றப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். திறக்க ஒரேயொரு கட்டளை போதும்.

உட்துறைமுக வீதியில் கணினி திருத்தும் கடை என்னுடையது. திங்கள் காலை சல்லிக் கிராமத்திலிருந்து தர்சிகா ஒரு பென்ட்ரைவோடு ஓடி வந்தா. கணவன் ஜதுர்சன் ஞாயிறு விடியக் கடலுக்குத் தனியே போனவன், திரும்பவில்லை. அவன் வலை போடும் இடங்களின் ஜிபிஎஸ் பொயின்றுகள் முழுக்க அந்தப் பென்ட்ரைவில். பெண்டாட்டிக்குக்கூட வாய்விட்டுச் சொல்லாத இடங்கள்.

"அண்ணை, என்ர தம்பியின்ர லினக்ஸ் லப்டொப்பில ஏறுதில்லை. எப்பிடியாவது எடுத்துத் தாங்கோ. எங்க தேடுறதெண்டு தெரியாம மீன்பிடி போட் எல்லாம் கரையில நிக்குது."

ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டேன். பதினொரு பொயின்றுகள். கடைசியில், 'ஞாயிறு இங்க, சூரை மீன்' என்று குறித்திருந்தான்.

என் தம்பி ரஜீவன் நான்கு மாதமாக வெறும் வலையோடு கரைக்கு வருகிறவன். தேடப் போகும் அறுபது போட்டுக்கும் தெரிந்தால் அது பொயின்றா, ஐயா? பஸ் ஸ்ரான்ட்.

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏலாது, தங்கச்சி" என்றேன். பொய்யில்லை. யாருக்கு ஏலாது என்று அவ கேட்கவில்லை.

"நாளைக்கு வரட்டோ?"

"வாங்கோ."

செவ்வாயும் வந்தா. மத்தியானம் வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. "அவர் இதுக்குள்ளதான் இருக்கிறார், அண்ணை" என்றா. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். போட்டுகள் ஒரு ஊகத்தில் திரியாய்க் கடல் பக்கம் தேடிப் போய், சும்மா திரும்பின. ரஜீவனின் போட் எஞ்சின் அன்றுதான் திருத்தி முடிந்தது.

புதன் விடிய, கடைசிப் பொயின்றைத் தாளில் எழுதிக் கொடுத்து அவனைச் சூரை பிடிக்க அனுப்பினேன். மத்தியானம் கரையேறியதும் போன் எடுத்தான்.

"அண்ணா, நீ தந்த இடத்தில ஜதுர்சன்ர போட் நங்கூரம் போட்டபடி கிடந்தது. எஞ்சின் பழுது. தண்ணிக் கலன் காய்ஞ்சு கிடக்கு. ஆளைத் தூக்கேக்க மூச்சில்லை, ஆனா உடம்பில இன்னும் சூடு இருந்தது, அண்ணா... உனக்கு எப்பிடி இந்த இடம் தெரியும்?"

மறைத்தவன் நான்தான். இரண்டு நாள், தெரிந்தே மறைத்தேன். கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: ஊரே திரியாயில் தேடிக்கொண்டிருக்க, சரியான இடத்துக்கு ஆள் அனுப்பியவன் நான் ஒருவன்தான்.