சாக்குக்கு இரண்டு கிலோ

சென்ற நவம்பர், இரண்டாவது வியாழன், மூணாறு ஜீப்பில் கேட்டது என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. எதிர் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். இளையவள் கையில் மகளின் இரண்டாம் வகுப்புக் கணக்குத்தாள்.

"இருவதும் பதினஞ்சும் முப்பத்தஞ்சுல்லா? ஒம்மக முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்காளே," என்றாள் மூத்தவள்.

"ரெண்டு மூட்டைக் கொழுந்து, ஆல்டுகெதர் எத்தன கிலோன்னு கேள்விக்கா. எடை போடுறப்ப நமக்குக் கழிக்கிற மாதிரியே, ஈரச் சாக்கு எடைன்னு சாக்குக்கு ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சிட்டா."

"ஏட்டி, எடை கழிக்கிற கங்காணியே தோத்தான் போ!"

"சிரிக்காதீங்கக்கா. இங்கிலீஷ் புரியல, மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உக்காரட்டும்ங்காங்க டீச்சர். ஆல்டுகெதர்னா மொத்தம்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெனமும் எடை போடுற எடத்துல எங்கூட நிக்கா, அதான்."

"அத டீச்சர்ட்ட சொல்லு."

"சொல்லத்தான் லீவு போட்டுப் போறேன். எடை போடுறத அவுங்க எங்க பாத்திருப்பாங்க?"

மூத்தவள் காலடியில் கிடந்த தன் ஈரச் சாக்கை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

"இதையும் கொண்டு போ. தூக்கிப் பாக்கட்டும்."

பள்ளி வாசலில் இளையவள் சாக்குடன் இறங்கினாள். பிள்ளை இப்போது எந்த வகுப்பில் இருக்கிறாள் என்பதை இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.