தாழ்ப்பாள் இல்லாத கதவு

அறுபது பேருக்கு நூடுல்ஸ் சூப் வைப்பது எனக்கு மலைப்பான வேலை இல்லை, தம்பி. யுன் குலத்தின் மூத்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மூதாதையர் படையலுக்கும் பந்திக்கும் சமைத்துச் சமைத்தே கை காய்த்துப் போனவள் நான். அதனால் சீரியல் எடுக்க வந்தவர்கள், "சாப்பாட்டை ஆன்டோங் டவுன்ல இருந்து வரவழைச்சுக்கிறோம்" என்று சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வாசல் ஏறி வந்தவர்கள் பசியோடு போகக் கூடாது. பசி விஷயத்தில் நான் எப்போதும் அப்படித்தான்.

என் மருமகள் தாசோமைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன். இன்ஸ்பெக்டர் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தத் தொடரைச் சொல்லாமல் அவளைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் சிவப்பு வாயிலைப் பார்த்திருப்பீர்கள். அது பத்தினிக்கு மரியாதையாக ராஜா கொடுத்தது. இந்த வீட்டுப் பிள்ளை யுன் ஹ்வான் இளவயதில் இறந்ததும், அவர் மனைவி ஷிம் அம்மையார் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். அவ்வளவு ஆசை புருஷன் மேல். அதைக் கேட்டு அரண்மனையே அழுததாம். நானூறு வருடமாக ஊரில் கல்யாணமாகும் பெண்களையெல்லாம் அந்த வாயிலுக்கு முன் நிறுத்திக் கும்பிட வைக்கிறோம்.

என்னையும் நிறுத்தினார்கள். என் புருஷன் போனபோது என் மகன் தேசோப்புக்கு இன்னும் நடை வரவில்லை. என் அண்ணன் லாரி எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப் போக வந்தான். நான் மூட்டைகூடக் கட்டிவிட்டேன். என் மாமியார் திட்டவில்லை, தடுக்கவில்லை. "போறவ அவங்களை ஒரு தடவை நிமிந்து பாத்துட்டுப் போ" என்றார், அவ்வளவுதான். நான் வாயிலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் உள்ளே வந்து மூட்டையை அவிழ்த்தேன். என் வாழ்க்கை என்று சொன்னால் அதுதான் தம்பி, வேறு கதை எதுவும் என்னிடம் இல்லை. உண்மையைச் சொன்னால் என் புருஷனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஷிம் அம்மையாரைத்தான் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அவர்களைப் பற்றித் தொடர் வருகிறது என்றதும் குலத்துப் பெரியவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். எங்கள் வீட்டிலேயே எடுத்தார்கள். புதுத் துணியைப் பழசு போலக் காட்ட என்னுடைய அண்டாவில்தான் தேயிலைத் தண்ணீர் காய்ச்சினார்கள். ஷிம் அம்மையாராக நடித்த பெண் என் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க, டைரக்டர் பார்த்தா திட்டுவாரு" என்று நெத்திலிச் சாற்றைக் குடித்தாள். நல்ல பெண். இப்படியெல்லாம் காட்டப்போகிறார்கள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பின்கட்டில் இருக்கும் கிடங்கையும் கேட்டார்கள். ஷிம் அம்மையார் காலத்துக் கட்டடம் அது; போரில் வீடு எரிந்தபோது தப்பியது அந்தக் கிடங்கு ஒன்றுதான். மண் சுவர், ஒரு முழம் கனம் இருக்கும். கதவு முழுப் பைன் மரம், உள்பக்கம் கரி படிந்து கறுத்திருக்கும். அந்தக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாளே கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம். அவர்கள்தான் இரும்பில் ஒன்று செய்து, பூட்டு சாவியோடு கொண்டுவந்து போட்டார்கள். போடும்போது அந்தத் தச்சன், "அம்மா, நிலையில ஏற்கெனவே நாலு ஓட்டை இருக்கு, யாரோ கட்டை வச்சு அடைச்சிருக்காங்க. எனக்கு வேலை மிச்சம்" என்றான்.

"பூச்சி அரிச்சிருக்கும்."

"பூச்சி என்னம்மா, அளவெடுத்தா அரிக்கும்?" என்று சிரித்தான். வாய்க்கொழுப்பு பிடித்தவன். போகும்போது தாழ்ப்பாளைக் கழற்றாமலே போய்விட்டார்கள். நல்ல இரும்பு, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தொடர் வர ஆரம்பித்த அந்த இலையுதிர் காலத்தில்தான் என் தேசோப் நெடுஞ்சாலை விபத்தில் போனான். தேகு நகரத்தில் இருந்தார்கள் இருவரும், பிள்ளை குட்டி இல்லை. நூறாம் நாள் சடங்குவரை இருக்கிறேன் என்று தாசோம் என்னிடம் வந்தாள். வந்த புதிதில் அவள் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. குலத்துப் பெண்கள் கிணற்றடியில், "ஷிம் அம்மையாரே திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். பெற்ற மகனை மண்ணுக்குக் கொடுத்த வயிற்றெரிச்சலிலும் எனக்கு ஒரு பெருமை வந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், வந்தது.

பிறகு ஒரு நாள் அவள் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். மறுநாள் இரண்டு. அப்புறம் முட்டை உடைத்து ஊற்றச் சொல்லிக் கேட்டாள்.

தொடரை இருவரும் சேர்ந்தேதான் பார்த்தோம். முதல் வாரங்கள் எவ்வளவு அழகு தெரியுமா. தாமரைக் குளத்தங்கரையில் யுன் ஹ்வான் ஷிம் அம்மையாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், அவள் வேண்டுமென்றே தப்பாக எழுதுவாள். தாசோம் என் மடியில் தலை வைத்து அழுவாள், நானும் அழுவேன். கடைசியில்தான் கெடுத்தார்கள். யுன் ஹ்வான் சாகக் கிடக்கிறார். அவள் கையைப் பிடித்து, "நான் போனப்புறம் நல்லா சாப்பிடு. என்னை நினைச்சு ஒருவேளைகூடப் பட்டினி கிடக்காத" என்கிறார். அவள், "சரி, சாப்பிடுறேன்" என்கிறாள்.

அவள் அவரை நேசிக்கவே இல்லை என்று காட்டியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். கெட்டவள் ஒருத்தி என்று தள்ளிவிடலாம். இவர்கள் காட்டியது என்ன? உயிராக நேசித்தாளாம், ஆனாலும் வாழ ஆசைப்பட்டாளாம். அப்படி ஒரு நேசம் உண்டா தம்பி? பிறகு வீட்டு மானத்துக்காகவும் வாயிலுக்காகவும் மாமியாரே அவளைக் கிடங்கில் தள்ளிப் பூட்டுகிறாளாம். எங்கள் கிடங்கு. எங்கள் கதவு. உள்ளிருந்து அந்தப் பெண் கையால் அடித்து அடித்துக் கதறுகிறாள், நாடே பார்க்கிறது.

குலத்தின் பெரியவர் யுன் போங்சிக் தொலைக்காட்சி நிலையத்துக்கு முன்னால் பதாகை பிடித்து உட்கார்ந்து பார்த்தார். கற்பனைக் கதை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறே வெளியூர்ச் சனம் எங்கள் வாயிலுக்கு முன் நின்று, கதவைத் தட்டுவது போலக் கையை வைத்துப் போட்டோ எடுத்தது. நான் விளக்குமாற்றால் விரட்டினேன்.

ஆனால் அதெல்லாம் இல்லை காரணம். கடைசிப் பகுதி ஓடிய அந்த மாலை, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பாத்திரம் நிறைய காரமான பாக்கெட் நூடுல்ஸ். தாசோம் அதை உறிஞ்சிக்கொண்டே, "அத்தை, கிடங்குல நம்ம ஊறுகாய் ஜாடியைக்கூட ஒதுக்காம ஷூட் பண்ணிருக்காங்க பாருங்க" என்று சிரித்தாள். மகன் போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"நான் எப்பவோ நினைச்சேன் அத்தை. தானா எப்படி ஒருத்தி சாப்பிடாம சாவா? பக்கத்துல சோறு கொதிச்சா வாசனை வராதா?"

"அவங்களுக்குப் புருஷன் மேல அவ்வளவு ஆசை."

"எனக்கு மட்டும் இல்லையா? நான் என்ன பொம்மையையா கட்டிக்கிட்டேன்? ராத்திரியெல்லாம் அவர் சட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் படுக்குறேன். ஆனாலும் விடிஞ்சா பசிக்குதே, என்ன பண்ணுறது?"

அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "உங்களை ஏமாத்திட்டாங்க அத்தை. ஒரு பொய்யைக் காட்டியே ஆயுசு பூரா இங்க உட்கார வச்சுட்டாங்க. நூறாம் நாள் முடிஞ்சதும் என்னோட தேகுவுக்கு வந்துடுங்க. சின்னதா ஒரு நூடுல்ஸ் கடை போடுவோம். நீங்க சூப் வைங்க, நான் கூவிக் கூவி ஆளைக் கூப்பிடுறேன். பாவம் அத்தை நீங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். கிழவி என்று திட்டியிருக்கலாம், பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். பாவம் என்றாள். எனக்குத் தரை நழுவியது தம்பி. ஷிம் அம்மையார் தானாகப் போகவில்லை என்றால் நான் எதற்காக அந்த மூட்டையை அவிழ்த்தேன்? என் அண்ணன் வாசலில் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போனானே, அது எதற்காக? இதற்கு யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள். பல நாள் யோசித்தேன். மனம் விட்டுப்போகிறது என்பார்களே, அப்படித்தான் இருந்தது. யாராவது ஒரு பெண்ணால் அது முடியும் என்று தெரிந்தால் போதும், எனக்கு மூச்சு வரும்.

புத்தாண்டு நெருங்கியது. நான் கிடங்கைச் சுத்தம் செய்தேன். தொங்கவிட்டிருந்த உலர்ந்த பெர்சிமன் பழச் சரங்களை எல்லாம் அறுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளையும் அரிசி மூட்டையையும் சோயாக் கட்டிகளையும் முன்கட்டுக்கு மாற்றினேன். எதிர் மேட்டு வீட்டுக்காரி, "என்னக்கா, மொத்தத்தையும் வாரிக் குடுக்குறியே, உனக்கு ஒண்ணு வேணாமா? நீ மகராசிக்கா" என்றாள். தண்ணீர்ப் பானையையும் கவிழ்த்து வெளியே எடுத்து வைத்தேன். கிடங்கு அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் தாசோமிடம், கிடங்கின் மேல் பரணில் படையலுக்கான பித்தளைக் கிண்ணங்கள் இருக்கின்றன, எடுத்து வா என்றேன். அவள் போன் அறையில் சார்ஜில் இருந்தது. போட்டிருந்த கம்பளிச் சட்டை அழுக்காகும் என்று நான்தான் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

முதலில் அவள் பயப்படவில்லை. "அத்தை, கதவு மாட்டிக்கிச்சு. அப்படியே சீரியல் மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று உள்ளிருந்து சிரித்தாள். நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஷிம் அம்மையாரின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், என் மாமியார் எனக்குச் சொன்ன மாதிரியே. "விளையாடாதீங்க அத்தை, குளிருது" என்றாள். பிறகு கத்தினாள். எங்கள் வீடு தனி மேட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா போன் செய்தபோது, மடத்தில் மௌன விரதம் இருக்கப் போயிருக்கிறாள் என்றேன். "நல்லதாப் போச்சு சம்பந்தி, அவ மனசு கொஞ்சம் ஆறட்டும்" என்றார் அந்த அம்மாள். தன்மையான மனுஷி.

காலையும் மாலையும் என் மகன் படத்துக்குச் சூடாகச் சோறும் சூப்பும் படைப்பதை நான் ஒருவேளைகூட நிறுத்தவில்லை. அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன். வாசனை கதவு இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கும். போகட்டும் என்றுதான் மாற்றினேன். வாசனை வந்தும் ஒருத்தி சாப்பிடாமல் இருக்க முடியும் என்று அவளும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

அவள் கெஞ்சினாளா என்று கேட்டீர்கள். கெஞ்சினாள். "இங்கேயே இருக்கேன் அத்தை. எங்கேயும் போகமாட்டேன். சாகுறவரை படையல் போடுறேன்" என்றாள். அந்த வார்த்தையைத்தான் நான் அவள் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தேன். சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, பசியில் சொல்கிற வார்த்தையை எப்படி நம்புவது? பசி தீர்ந்ததும் மாறிவிடும். சாவியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

கடைசியில் மெல்லிசாக ஒரு குரல் வந்தது. தேசோப் என்று என் மகனைத்தான் கூப்பிட்டாள். அம்மா என்பது போலவும் இருந்தது, ஆனால் வெளியே காற்று பலமாக இருந்தது. குளிரில்தான் செத்தாள், பட்டினியில் இல்லை என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். அது ஒன்றுதான் எனக்குக் குறை. ஷிம் அம்மையார் போனது வசந்தத்தில்.

வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, என் மகன் படத்துக்குக் கீழே கிடத்தினேன். யுன் போங்சிக் வந்து பார்த்துவிட்டுத் தரையில் விழுந்து அழுதார். "நம்ம வீட்டுல இன்னொரு ஷிம் அம்மையார். இப்ப வரச் சொல்லு அந்த சீரியல்காரனுங்களை" என்றார். பெண்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அன்று நான் ஒரு கிண்ணம் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டேன். உங்கள் டாக்டர் வந்து அவள் கையைத் திருப்பி நகங்களைப் பார்க்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பூட்டியது நான்தான். திறக்காததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் போனது என் மகன் மேல் இருந்த ஆசையில். அதையும் சேர்த்து எழுதுங்கள். பாதியில் மனம் மாறிவிடாமல் நான் கதவைப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இந்தப் போட்டோவைத் திரும்பத் திரும்ப ஏன் என் பக்கம் தள்ளுகிறீர்கள்? பார்த்தாயிற்று. கதவின் உள்பக்கம், தாசோம் கீறிய இடத்தில் கரி உதிர்ந்து, அதற்கு அடியில் வேறு கீறல்கள் தெரிகின்றன. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கை எட்டும் உயரம். ஐந்து ஐந்தாக, விரல் விரலாக. நானூறு வருடக் கரி அது என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்களாக்கும்.

அதெல்லாம் படப்பிடிப்புக்காரர்கள் போட்டது, தம்பி. என் அண்டாவில் தேயிலைத் தண்ணீர் காய்ச்சியவர்கள்தானே. எதையும் பழசு போலக் காட்ட அவர்களுக்குத் தெரியும்.