கொய்யா மரத்துச் சீடிகள்

"அம்மாவைக் கொய்யா மரத்திலை கட்டிவிட்டது நான்தான்."

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் முன் சீற்றிலிருந்த பெண் இப்படிச் சொன்னதும், நான் கடலை கொறிப்பதை நிறுத்தினேன். அவளுக்குப் பக்கத்திலிருந்தவளும் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள் கதைக்கிறியள்?"

"அம்மா சேர்ச்சிலை பாடினதெல்லாம் ஒரு பெட்டி நிறையச் சீடியிலை இருந்தது. தம்பி லண்டனிலையிருந்து வரேக்கை, புதுசா வந்த டிஸ்க்கெண்டு கொண்டுவந்தவன். அந்தப் பெட்டி முழுக்க ஒரே டிஸ்க்கிலை கொள்ளுமாம். கொம்பியூட்டரிலை போட்டு அதிலை பதிஞ்சு தந்திட்டு, பழசு இனித் தேவையில்லையெண்டான். நான் அதுகளைக் கிளி வராமல் மரத்திலை கட்டிவிட்டன்."

"நல்லதுதானே."

"இப்ப அந்த டிஸ்க்கைப் போட்டால் உள்ளுக்கை ஒண்டுமில்லையெண்டு காட்டுது."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று புறப்பட்டது.

"மரத்திலை கிடந்ததுகளைப் போட்டுப் பாக்கேல்லையே?"

"பாத்தன். வெயிலுக்கு வெளிறிப்போச்சு. ஒண்டும் பாடுதில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கட்டிவிட்டன்."

"பிறகேன் கட்டினனீங்கள்?"

"கிளி வராதெல்லே. அம்மா இருக்கேக்கையும் அவதான் கிளி கலைக்கிறவ."