சொல்லாமல் காத்தவருக்கு

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நம் மனநல ஆலோசனை மையத்தின் கதவைத் திறப்பவரே! ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கூஜாவில் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாற்காலிகளை நேருக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்த்துப் போடுபவரே! அறைக்கு வெளியே ஸ்டூலில் ரேடியோவை வைத்து, உள்ளே பேசுவது வெளியே கேட்காத அளவுக்குச் சத்தத்தைத் திருகுபவரே! வரவேற்பு மேசைக்காரர் முகம் சுளித்தாலும் அந்தச் சத்தத்தைக் குறைக்காதவரே! எங்கள் மூத்த ஆலோசகரே, வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்காக இந்த மடலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் இங்கே இளைய ஆலோசகன். கல்லூரியில் தமிழ் படித்தவன் என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி இல்லை. கருணைக் கடலே, கலங்கரை விளக்கே என்றுதான் முதலில் எழுதினேன். வரவேற்பு மேசைக்காரர் படித்துவிட்டு, "இது யாருங்க? நம்ம பூட்டு மேடமா?" என்று கேட்டார். கிழித்துப் போட்டேன். யார் ரகசியத்தையும் வெளியே விடாததற்காக நாங்கள் வைத்த அந்தப் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நம்பியவர் அவர். சென்ற வாரம் நீங்கள் போனை எடுத்து, "பூட்டுதான் பேசறேன்" என்றீர்களாம். அவர் இன்னும் தேறவில்லை.

நீங்கள் வெறும் பூட்டு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் ரகசியம் இரண்டாம் பட்சம் என்பது உங்கள் விதி. முதல் சந்திப்பிலேயே அதை வந்தவரிடம் சொல்லிவிடுவீர்கள். ரகசியத்தை உடைக்க வேண்டி வந்த நாட்களிலும் முதுகுக்குப் பின்னால் உடைத்ததில்லை. "இப்ப உங்க வீட்டுக்குப் போன் பண்ணப் போறேன். பக்கத்திலயே உக்காந்து, நான் என்ன பேசறேன்னு கேளுங்க" என்பீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் கற்றுத் தந்தீர்கள்.

இனி எழுதப்போவது என் விஷயம். ஊழியர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் மனைவி இறந்த மறுவாரம் அவளுடைய அக்கா ஒன்று சொன்னார். கடைசி வருடம் முழுக்க அவள் உங்களிடம் வந்துகொண்டிருந்தாளாம், மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல நான் பள்ளிகளுக்குப் போகும் புதன்கிழமைகளில். அக்காதான் ஆட்டோவில் கூட்டி வருவாராம். நோய் முற்றிய அந்த மாதங்களில் என்னிடம் அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். நான் அறைக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் பேசாததை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். மறுநாள் மதியம் நான் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பதில் சொல்வேன். வரவேற்பு மேசைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் பயிற்சி அப்படி.

கூட வேலை செய்பவரின் மனைவியை ஆலோசனைக்கு ஏற்கக் கூடாது, வேறு ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது நம் தொழில் விதி. அடுத்த ஆலோசகர் இருப்பது அரை நாள் பஸ் தூரத்தில். அவளுக்கு வாசல் வரை நடப்பதே பெரும்பாடு. நீங்கள் செய்தது சரியா, தவறா? பயிற்சி வகுப்பில் யாராவது இதைக் கேட்டிருந்தால் நீளமாகப் பேசியிருப்பேன். இப்போது தெரியவில்லை.

என்னைக் கட்டிக்கொண்டதற்காக அவள் வருந்தினாளா? இந்த ஒன்றைத்தான் உங்களிடம் கேட்டேன். அவள் வந்தாள் என்பதைக்கூட நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன், வரலைன்னாலும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆள் போயிட்டாலும் இது மாறாது" என்றீர்கள். நான் குறுக்குவழியில் போனேன். உயிருக்கு ஆபத்தென்றால் உடைத்திருப்பீர்கள், உடைக்கவில்லை, அப்படியானால் அவள் சொன்னது அவ்வளவு மோசமில்லை, சரிதானே என்று கேட்டேன். நீங்கள் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் தலையாட்டவில்லை. டீ ஆறுகிறது என்றீர்கள். அதன்பிறகு பல வாரம் உங்களோடு பேசாமல் இருந்தேன். கோபமா என்றால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த நாட்களில்தான் என் மாமியார் மையத்துக்கு வந்தார். நான் பின்னறையில் இருந்தது அவருக்குத் தெரியாது. தன் மகளுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அவர் குறை. அது உண்மை. ஏன் அழுகை வரவில்லை என்று எனக்கே புரியாமல், நம் பேச்சு நிற்பதற்கு முன் ஒரு மதியம் உங்களிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தேன். மாமியாரிடம் பிறகு நானே பேசிவிட்டேன். அதனால் இங்கே எழுத முடிகிறது.

"மருமகன் உங்ககிட்ட என்ன சொன்னார்? அவருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா, அதையாவது சொல்லுங்க" என்றார் அவர்.

"சொல்லியிருந்தாலும் சொல்ல மாட்டேம்மா, சொல்லலைன்னாலும் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்குச் சம்பளம் பேசறதுக்கா, பேசாம இருக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தாம்மா. பாதிப் பாதி" என்றீர்கள். அவரை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தீர்கள். அவர் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று விசாரித்தீர்கள். அவர் குரல் உடைந்தது. நீங்கள் எழுந்து வந்து ரேடியோவைப் போட்டீர்கள். அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை.

என்னை வெளியே நிறுத்திய அதே வார்த்தைகள் அன்று என்னைக் காப்பாற்றின. உங்களுக்கு நன்றி சொல்வதா, உங்களோடு சண்டை போடுவதா என்று தெரியாமல் ஒரு டீ வாங்கி வந்து உங்கள் மேசையில் வைத்தேன். இன்றும் தெரியவில்லை. ஆனால் இது பாராட்டு மடல். நாங்கள் பாராட்டுகிறோம். நானும் பாராட்டுகிறேன், மனதாரத்தான், குழப்பத்தோடுதான்.

ஊரார் துக்கத்தையெல்லாம் கேட்ட உங்கள் காதுகளுக்கு ஓய்வு கிடைக்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். நல்ல உடல்நலத்தோடும் நல்ல தூக்கத்தோடும் நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். மையத்தின் ஊழியர்கள் நாங்கள் எல்லோரும் இந்த மடலின் ஓரத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இன்று விழாவில் நீங்கள் பேசுவீர்கள், நாங்கள் கைதட்டுவோம். என்னிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது நேற்று. உங்கள் மேசையைக் காலி செய்ய உதவிக்கொண்டிருந்தேன். நாளை விழா முடிந்தால் நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அந்தக் கேள்வியை இனி நான் யாரிடம் போய்க் கேட்பது என்றேன். நீங்கள் பையை மூடினீர்கள். உங்கள் வீட்டுக்கு எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"வந்து கேளுங்க தம்பி. நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வந்து கேளுங்க."