நூறாவது ஸ்கேன்

"டாக்டரம்மா, இந்தப் பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்று ஸ்கேன் மெஷினைக் காட்டி அந்தச் சிறுமி கேட்டாள். பதினொரு வயது. வயிற்றுவலியிலும் வாய் ஓயவில்லை.

"அதுக்குத் தெரியாதும்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் என்னை அவசரக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கருமுட்டை உண்டாகும் சினைப்பை சில சமயம் தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும். உடனே வயிற்றைத் திறந்து அவிழ்த்தால் சினைப்பை பிழைத்துவிடும். ஆனால் வெறும் சந்தேகத்திலேயே பல பெண்களின் வயிற்றைத் திறந்து, ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கத்தை நிறுத்தியவள் நான். ஒவ்வொரு முறையும் கடவுளை வேண்டிக்கொண்டுதான் ஸ்கேன் செய்வேன். தொண்ணூற்றொன்பது பேர், என் வார்த்தையால் ஒருவர் மீதும் வீணாகக் கத்தி படவில்லை. மருத்துவமனை வாசலில் என் படத்தோடு அதை எழுதி மாட்டியிருந்தார்கள்.

நூறாவதாக வந்தவள் இவள். காலை ஒன்பது மணி. காம்பு சுருண்டிருந்தது திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சினைப்பைக்குள் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. முறுக்கிய புதிதில் அப்படி ஓடும் என்பது நான் படித்ததுதான். இருந்தாலும், திறப்பதற்குள் முறுக்கு தானாக அவிழ்ந்துவிட்டால் அது வீண் கத்தி ஆகிவிடாதா?

அறுவை சிகிச்சை டாக்டர் போனில் சிரித்தார். "என்ன மேடம், இன்னைக்கு நூறு அடிச்சிடுவீங்களா? நான் கத்தியை எடுக்கவா, காபி குடிக்கவா?"

"காபி குடிங்க சார்."

பொறுத்துப் பார்க்கலாம் என்று எழுதினேன். பதினொரு மணிக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. ஒரு மணிக்கு இன்னும் மெலிந்திருந்தது.

"பிள்ளை துடிக்கிறாளேம்மா" என்றாள் அவளுடைய தாய்.

"அவசரப்பட்டு பச்சைக் குழந்தை வயித்துல கத்தி வைக்கலாமாம்மா?"

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஓட்டம் நின்றது. இனிச் சந்தேகமில்லை, அறுவைக்கு எழுதிக் கொடுத்தேன். திறந்தபோது சினைப்பை கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். வீண் அறுவை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் எடுத்த படத்தை அழித்ததும் நான்தான். பார்ப்பவர்களை அது வீணாகக் குழப்பும்.

இன்னொரு சினைப்பையைப் பார்க்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளை அழைத்து வருகிறார்கள். வயிற்றில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கும். அவளுக்கு மட்டும் அதை என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் தடவுகிறேன். யாரும் கவனித்ததில்லை, அவளுக்கே தெரியாது. அந்தக் குழந்தைக்கு நான் பட்ட கடன் அதோடு தீர்ந்தது.