ரைஹானின் கணக்கு

பனி உருகி அல்மாட்டித் தெருவெல்லாம் சேறு. உங்கள் தரைவிரிப்பை அழுக்காக்கிவிட்டேன், மன்னியுங்கள்.

நம் நிறுவனத்தில் என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். "உங்கள் சாட்பாட் முன்பு போல இல்லை, மந்தமாகிவிட்டது" என்று எழுதுபவர்களுக்குப் பதில் சொல்வது. பெரும்பாலும் அது மாறியிருக்காது. முதல் மாதத்து வியப்பு தீர்ந்ததும், எப்போதும் இருந்த பிழைகள் கண்ணில் படத் தொடங்கும், அவ்வளவுதான். இதை நான் நம்பித்தான் எழுதினேன். ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் அது பொய்.

ரைஹான் என் மனைவி. நீதிமன்றத்தில் கசாக் மொழியிலிருந்து ரஷ்ய மொழிக்கும் ரஷ்ய மொழியிலிருந்து கசாக்குக்கும் மொழிபெயர்ப்பவள். மாலையில் சமையலறையில் அமர்ந்து சிக்கலான சொற்களைப் பற்றி நம் சாட்பாட்டோடு பேசுவாள். ஒருநாள் அது சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். என்னவென்று கேட்டதற்கு, சொன்னால் புரியாது என்றாள். அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சோதனைக்காக ஒரு கணக்கை மட்டும் பழைய, சிறிய பதிப்புக்கு மாற்றும் வசதி நம்மிடம் உண்டு. அவளுடையதை மாற்றினேன். முதலில் கொஞ்சம்தான்.

சில நாளில் அவளே கேட்டாள். "ஷொக்கான், இது முன்ன மாதிரி இல்லையே. ஒங்க ஆபீஸ்ல எதையாவது மாத்தினீங்களா?"

"ஊரே இதத்தான் கேக்குது. அது அப்படியேதான் இருக்கு. நீதான் களைச்சுப்போயிருக்க" என்றேன்.

அன்றைக்குத் தன் சந்தேகத்தை என்னிடம் கேட்டாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மாலை அது. அதனால் அவள் கணக்கை இன்னும் சிறிய பதிப்புக்கு இறக்கினேன்.

அது சொற்களைக் குழப்பியது. நேற்றுச் சொன்னதை இன்று மறுத்தது. அவள் கேள்வியைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினாள். தனக்குக் கேட்கத் தெரியவில்லையோ என்று நினைக்கத் தொடங்கினாள். விசாரணையில் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்று, தான் சொன்ன சொல் சரிதானா என்று யோசிப்பாளாம். அவள் அப்பா நடுவயதிலேயே பிள்ளைகளின் பெயரை மறந்தவர்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றாள் ஒருநாள், தட்டைக் கழுவியபடி.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். கூடவே போனேன், கையைப் பிடித்துக்கொண்டேன். மூளையில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். ரைஹான் அதை நம்பவில்லை. எனக்குள் சிறிய ஏமாற்றம் எழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைப்பதற்கில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் வேலையை விட்டாள். வீட்டில் அமைதி வந்தது.

நௌரிஸ் புத்தாண்டு விடுமுறைக்குத் தராஸ் ஊரிலிருந்து குரலாய் என்ற அவள் தங்கை வந்தாள். ரைஹான் கேட்ட அதே கேள்வியைத் தன் போனில் கேட்டுப் பார்த்து, இரண்டு போனையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, ஒன்னோடது ஏன் இப்படி ஒளறுது? என்னோடது நல்லாத்தானே சொல்லுது. ஒனக்கு ஒன்னுமில்ல, இதுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

ரைஹான் என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சர்வர், சில நேரம் இப்படி ஆகும் என்றேன். அவள் தலையசைத்தாள். தங்கை தலையசைக்கவில்லை. நம் நிறுவனத்துக்கு அவள் எழுதிய புகார்தான் என்னை இங்கே உங்கள் முன் உட்கார வைத்திருக்கிறது.

ஆம், செய்தது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை. நேற்றே ரைஹானின் கணக்கை முன்பிருந்த நல்ல பதிப்புக்கே மாற்றிவிட்டேன், பதிவுகளில் பார்த்துக்கொள்ளலாம். இனி அவளுக்கு ஒரு தீங்கும் இல்லை.

இன்று காலை அதனிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். பதிலை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "இது சரியான்னு நீயே பாத்து சொல்லேன். எனக்குத் தெரியல."

படித்தேன். அருமையான பதில், ஒரு பிழையும் இல்லை. கடைசி வரியில் விரலை வைத்து, இந்த இடம் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது என்றேன். நல்லவேளை நீ இருக்கிறாய் என்று சொல்லி, அவள் அதை அழித்தாள்.

இப்படி நம்பும் ஒருத்தியை நான் எப்படித் தனியே விட்டுவிட்டுப் போக முடியும், சொல்லுங்கள்.